கடலில் கொட்டிய எண்ணெய் யார் கணக்கில்?

நுழையும்முன்

கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டினர். அதில் பறக்கும் கொடி இன்னொரு நாட்டினுடையது. மாலுமிகள் வேறு நாட்டினர். அது மோதி நின்ற கரையோ இவர்களுள் எவருக்கும் சொந்தமில்லாதது. அக்கப்பலின் எண்ணெய் கடலில் கலந்தால் பொறுப்பேற்பவர் யார்? கரையைத் துப்புரவாக்கும் செலவையும் மீனவரின் இழப்பையும் யார், எவ்வளவு, எந்தச் சட்டத்தின்படி கொடுப்பார்? 2020ஆம் ஆண்டு மொரீசியஸ் தீவில் நிகழ்ந்த விபத்தின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பாறையில் ஏறிய கப்பல்

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறிய தீவுநாடு மொரீசியஸ். கட்டடப்பணிக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் உண்டு. தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் வேலிபோல் வளர்ந்துள்ளன. அவ்வேலிக்கும் கரைக்கும் இடையே அலையடங்கிய, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு இருக்கிறது. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. ஆழ்கடலுக்குச் செல்லப் பெரிய படகு இல்லாத எளிய மீனவருக்குச் சோறிடும் இடமும் அதுவே.

தீவின் தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னி என்னும் இடம் உள்ளது. அதன் சதுப்புநிலமும் அருகிலுள்ள புளூ பே கடற்பூங்காவும் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. 2020 ஜூலை 25 அன்று மாலை, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள வகாஷியோ என்னும் கப்பல் அங்குள்ள பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரேசிலுக்குச் சென்றுகொண்டிருந்த சரக்குக்கப்பல் அது. செல்லும் வழியில் அதன் சரக்கறைகள் வெறுமையாக இருந்தன. ஆயினும் பொறியை இயக்குவதற்காக ஏறத்தாழ 3,800 டன் எரியெண்ணெயும் 200 டன் டீசலும் அதன் தொட்டிகளில் இருந்தன. சரக்கே இல்லாத சரக்குக்கப்பல் என்பதையும், கொட்டியது அதன் எரிபொருள் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் வரும் சட்டக் கணக்கு முழுவதும் இவ்வொரு செய்தியைச் சார்ந்தே அமைகிறது.

பன்னிரண்டு நாள்கள் கப்பலை அலைகள் அறைந்தன. ஆகஸ்டு 6 அன்று தொட்டி ஒன்று பிளந்தது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் நீரில் பரவியது. எஞ்சியதில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்த பின்னர், ஆகஸ்டு 15 அன்று கப்பல் இரண்டாக உடைந்தது. கந்தகம் குறைந்த எண்ணெயையே கப்பல்கள் பயன்படுத்தவேண்டும் என்னும் பன்னாட்டு விதி அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. காற்றைக் காப்பதற்காக உருவாக்கப்பட்ட அப்புதுவகை எரியெண்ணெய் பெருமளவில் கடலில் கொட்டிய முதல் நிகழ்ச்சி இதுவெனக் கருதப்படுகிறது. கடலில் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஆய்வாளர்கள் அப்போதுதான் அறியத் தொடங்கினர்.

அரசு முன்னரே விரைந்திருந்தால் எண்ணெயை வெளியேற்றியிருக்கலாம் என மக்கள் சினந்தனர். அவர்கள் சினத்தோடு நின்றுவிடவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, நெகிழிப்புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டு, நீண்ட தடுப்புகளை ஆக்கினர். பள்ளி மாணவர், மீனவர், தையல் தொழிலாளர் எனப் பல்லாயிரவர் மஹேபூர் கரையில் திரண்டனர். பணியை அதிகாரிகளிடம் விட்டுவிடுமாறு அரசு கேட்டுக்கொண்டபோதும் அவர்கள் ஓயவில்லை. இந்தியக் கடலோரக் காவல்படையும் பத்துப் பேர் கொண்ட குழுவையும் 30 டன்னுக்கு மேற்பட்ட கருவிகளையும் வானூர்தியில் அனுப்பியது. அம்மாத இறுதியில் தலைநகர் போர்ட் லூயிஸில் பெருந்திரளான மக்கள் கருப்புடை அணிந்து ஊர்வலம் சென்றனர்.

துப்புரவுப் பணியிலும் உயிர்ப்பலி நேர்ந்தது. ஆகஸ்டு 31 அன்று, அப்பணியில் ஈடுபட்டிருந்த இழுவைப்படகு ஒன்று கொந்தளித்த கடலில் மூழ்கியது. அதிலிருந்த எண்மருள் நால்வர் கரை திரும்பவில்லை.

ஐந்து கை, ஒரு கப்பல்

வகாஷியோவின் உரிமையாளர் நாகாஷிகி என்னும் ஜப்பானியக் குழுமம். அதனை வாடகைக்கு எடுத்து இயக்கியது மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ் என்னும் மற்றொரு ஜப்பானியப் பெருநிறுவனம். கப்பல் பதிவு பெற்ற நாடு பனாமா. தலைமை மாலுமி இந்தியர். காப்பீடு அளித்தது, கப்பல் உரிமையாளர்கள் தமக்குள் கூடி நடத்தும் ஜப்பானியக் காப்பீட்டுச் சங்கம். கப்பல் தொழிலில் இது விந்தையன்று; நாள்தோறும் கடலில் செல்லும் பெருங்கப்பல்களுள் பலவும் இவ்வாறே பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. வரியும் விதியும் குறைந்த நாட்டின் கொடியை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவதை ‘வசதிக்கொடி’ என்பர்.

விபத்து எவ்வாறு நேர்ந்தது? வாடகைக்கு எடுத்த நிறுவனமே 2020 டிசம்பரில் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. தீவிலிருந்து 22 கடல்மைல் தொலைவில் கடந்துசெல்வதே முதலில் வகுத்த திட்டம். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு அத்தொலைவு 5 கடல்மைலாகக் குறைக்கப்பட்டது. விபத்தன்று 2 கடல்மைலாக மேலும் சுருக்கப்பட்டது. கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் எல்லைக்குள் செல்லவேண்டும் என்பதே காரணம். கரைக்கு இவ்வளவு நெருங்கிச் செல்வதற்கு ஏற்ற விரிவான கடல்வரைபடம் கப்பலில் இல்லை, கண்காணிப்பும் போதவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மாதக்கணக்காக வீட்டாரைக் காணாது கடலில் கிடந்தவர்களின் ஏக்கம் நமக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஏக்கம் வழிகாட்டும் கருவியாகிவிட்டது.

மொரீசியஸ் நீதிமன்றம் தலைமை மாலுமிக்கும் அவருக்கு அடுத்த அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் தலா 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றப்பொறுப்பு அவ்வாறு இரு தனிமனிதர்மேல் நின்றது. பணப்பொறுப்பின் வழியோ வேறு.

எண்ணெய் எதுவாயின் என்ன?

பணப்பொறுப்பை அறிய, அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1967 மார்ச் 18 அன்று, லைபீரியக் கொடி தாங்கிய டோரி கேன்யன் என்னும் எண்ணெய்க்கப்பல், ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயுடன் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே பாறையில் மோதியது. பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய இரு நாட்டுக் கரைகளும் கறுத்தன. இழப்பீடு கேட்டு யாரிடம் செல்வதென்றே எவருக்கும் தெளிவில்லை. இறுதியில் அதே உரிமையாளரின் மற்றொரு கப்பலான லேக் பலூர்ட் சிங்கப்பூர்த் துறைமுகத்தைத் தொட்டபோது, சட்டப்படி அதனைத் தடுத்து நிறுத்தித்தான் பிரிட்டன் தன் வழக்கைத் தொடர முடிந்தது.

இந்த அவலமே புதிய சட்டங்களுக்கு வித்தாயிற்று. எண்ணெயைச் சரக்காக ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து கசிவு நேர்ந்தால், தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் உரிமையாளரே பொறுப்பு என 1969இல் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. உரிமையாளர் கொடுப்பது போதாதபோது கைகொடுக்க, எண்ணெயை இறக்குமதி செய்வோர் செலுத்தும் பணத்தால் பன்னாட்டு நிதியமும் ஏற்பட்டது. இன்றைய விதிப்படி, உரிமையாளர் பங்கையும் சேர்த்து ஒரு விபத்துக்கு 20 கோடியே 30 இலட்சம் அலகுகள் வரை அதன்வழி கிடைக்கும். அலகு என்பது பன்னாட்டுப் பண நிதியம் வரையறுக்கும் ‘சிறப்பு எடுப்பு உரிமை’. 2020இல் ஓர் அலகின் மதிப்பு ஏறத்தாழ 1.4 அமெரிக்க டாலர்.

ஆனால் அந்நிதியம், எண்ணெயைச் சரக்காகச் சுமக்கும் கப்பல்களுக்கே உரியது. இரும்புத்தாதுவோ பெட்டிச்சரக்கோ ஏற்றும் கப்பல் தன் எரியெண்ணெயைக் கொட்டினால் அதன் கதவு திறவாது. அத்தகைய கப்பல்களுக்கான உடன்படிக்கை 2001இல்தான் உருவாகி, 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் உரிமையாளர்மேல் தவறு காட்டத் தேவையில்லாத பொறுப்பைச் சுமத்துகிறது. போர், வரம்புகடந்த இயற்கைச் சீற்றம் போன்ற சிலவற்றுக்கே விலக்களிக்கிறது. 1,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கப்பல்கள் காப்பீடு செய்திருக்கவேண்டும் என்கிறது. இழப்புற்றோர் காப்பீட்டாளரிடமே நேரடியாகக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. எனினும் அதற்குப் பின்னால் பொதுநிதியம் எதுவும் இல்லை. கரையில் ஒதுங்கும் எண்ணெய்க்கோ, அதில் சிக்கும் மீனுக்கோ, அது சரக்கா எரிபொருளா என்னும் வேறுபாடு தெரியாது. சட்டத்திற்கு மட்டுமே தெரியும்.

வாடகைக்கு எடுத்தவர் நிலை என்ன? இவ்வுடன்படிக்கையில் ‘உரிமையாளர்’ என்னும் சொல், பதிவு பெற்ற உரிமையாளர், கப்பலை முழுவதுமாகத் தம் பொறுப்பில் ஏற்று நடத்துவோர், மேலாளர் முதலியோரைக் குறிக்கும். குறித்த காலத்திற்கு மட்டும் வாடகைக்கு எடுத்துச் சரக்கனுப்புவோர் அதில் அடங்கார். ஆகவே, கப்பலால் வருவாய் ஈட்டவிருந்த பெருநிறுவனம் சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றது. சமூகப்பொறுப்பைக் காட்டி, சுற்றுச்சூழல் மீட்புக்காகப் பல ஆண்டுகளில் நூறு கோடி யென் அளவில் வழங்குவதாக அது தானே முன்வந்து அறிவித்தது. அது பாராட்டத்தக்கதே. ஆயினும் மனமுவந்து கொடுப்பதும் கடமைப்பட்டுக் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னதன் அளவைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார்.

உச்சவரம்பு என்னும் கணக்கு

‘உரிமையாளரே பொறுப்பு’ என்பதால், இழப்பு முழுவதையும் அவர் தருவார் என எண்ணிவிடக்கூடாது. கப்பல் தொழில் இடர் மிகுந்தது. ஒரே விபத்தில் உரிமையாளர் ஓட்டாண்டியாகிவிட்டால் எவரும் கப்பல் விடமாட்டார் என்னும் பழைய வாதத்தால், அவர் தரவேண்டிய தொகைக்குச் சட்டமே ஓர் உச்சவரம்பு வகுத்துள்ளது. அவ்வரம்பைக் கணிக்கும் அடிப்படை, கப்பலின் மொத்தக் கொள்ளளவு. கொட்டிய எண்ணெயின் அளவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பத்து டன் கொட்டினாலும் ஆயிரம் டன் கொட்டினாலும் அதே கப்பலுக்கு அதே வரம்புதான்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பொருளிழப்புக்கான வரம்பு முதல் 500 டன்னுக்கு 1,67,000 அலகு. அதற்குமேல் 30,000 டன் வரை டன்னுக்கு 167. பின்னர் 70,000 டன் வரை 125. அதற்கும் மேற்பட்டால் 83. கப்பல் பெரிதாகப் பெரிதாக, டன் ஒன்றுக்கான பொறுப்பு சிறிதாகிக்கொண்டே போவதைக் கவனிக்க. வகாஷியோவின் கொள்ளளவு ஏறத்தாழ 1,02,000 டன். கூட்டினால் வரம்பு ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் அலகு, அதாவது 1.8 கோடி டாலர் அளவே வருகிறது.

இவ்வுடன்படிக்கை 1996இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் எண்களும் 2015 முதல் 51 விழுக்காடு உயர்ந்தன. அவ்வுயர்வுக்கும் ஒரு கசிவே காரணம். 2009இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையருகே பசிபிக் அட்வென்சரர் என்னும் சரக்குக்கப்பலிலிருந்து ஏறத்தாழ 270 டன் எரியெண்ணெய் கொட்டியது. துப்புரவுச் செலவே வரம்பைத் தாண்டிவிட்டது. இழப்பைச் சுமந்த ஆஸ்திரேலியா, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் வாதிட்டு வரம்பை உயர்த்தச் செய்தது. புதிய எண்களின்படி வகாஷியோவுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4 கோடியே 62 இலட்சம் அலகு, அதாவது 6.5 கோடி டாலர் அளவு வரும். முன்னதைவிட மூன்றரை மடங்கு மிகுதி.

ஜப்பான் 1996 திருத்தத்தை ஏற்ற நாடு. மொரீசியஸோ 1976 உடன்படிக்கையிலேயே நின்றிருந்தது. விபத்து நிகழ்ந்தது மொரீசியஸ் கடலில். வழக்கு நிகழவேண்டியதும் அங்கேயே. ஆகவே உரிமையாளர் பற்றிக்கொள்ளக்கூடியது பழைய, சிறிய வரம்பு. அதே கப்பல் அதே எண்ணெயை ஜப்பானியக் கரையில் கொட்டியிருந்தால் வரம்பு மூன்றரை மடங்கு உயர்ந்திருக்கும். கடலில் எண்ணெய் கலப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஓர் அலுவலகத்தில் இடப்படாத ஒரு கையெழுத்து அத்தீவின் உரிமையைச் சுருக்கி வைத்திருந்தது. விபத்துக்குப் பின் திரண்ட மக்களின் கண்ணில் கப்பல் பட்டது. இந்தத் தாள் படவில்லை.

வரம்பை உடைக்க வழியே இல்லையா? உண்டு, ஆனால் மிகக் குறுகியது. இழப்பை விளைவிக்கும் நோக்கத்தோடு, அல்லது இழப்பு நேரக்கூடும் என அறிந்தே பொறுப்பின்றி, உரிமையாளர் தாமே செயல்பட்டார் என மெய்ப்பிக்கவேண்டும். கப்பலில் இருந்த மாலுமியின் கவனக்குறைவு உரிமையாளரின் சொந்தச் செயலாகாது. கைப்பேசி அலைவரிசையைத் தேடிக் கரையை நெருங்கியவர் மாலுமி. அலுவலகத்தில் இருந்த உரிமையாளர் அல்லர். மாலுமி சிறை செல்வதும் உரிமையாளர் வரம்புக்குள் இருப்பதும் ஒரே விபத்தில் ஒருசேர நிகழ்வது இவ்வாறே.

பற்றுச்சீட்டு இல்லாத இழப்புகள்

வரம்புக்குட்பட்ட அத்தொகைக்குள்ளும் எல்லா இழப்புக்கும் இடமில்லை. துப்புரவுக்கு அமர்த்திய நிறுவனத்திற்குக் கொடுத்த பணம், வாங்கிய மிதவைத்தடுப்பின் விலை, படகுக்கும் வலைக்கும் நேர்ந்த சேதம், மீன்பிடித்தடையால் இழந்த வருவாய், வெறிச்சோடிய விடுதியின் நட்டம் ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். முந்தைய ஆண்டுகளின் விற்பனைக் கணக்கைப் பெருவிடுதி எளிதில் எடுத்துக் காட்டிவிடும். இடுப்பளவு நீரில் நின்று பிடித்த மீனைக் கரையிலேயே விற்று, அன்றே அரிசி வாங்கிச் செல்பவரிடம் என்ன சான்று இருக்கும்? மீனவராகப் பதிவு பெற்றிருந்தால் ஓர் அட்டையாவது உண்டு. அதுவும் இல்லாதவர் தம் தொழிலையே மெய்ப்பிக்கவேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

இயற்கைக்கு நேர்ந்த கேட்டைச் சட்டம் எவ்வாறு அளக்கிறது என்பது இன்னும் நுட்பமானது. சுற்றுச்சூழல் கேட்டுக்கான இழப்பீடு, அதனை மீட்டெடுக்க உண்மையில் மேற்கொண்ட அல்லது மேற்கொள்ளவிருக்கும் தக்க நடவடிக்கைகளின் செலவு மட்டுமே என்கிறது 2001 உடன்படிக்கை. அலையாத்தி மரங்களை மீண்டும் நட்டால் அச்செலவைக் கேட்கலாம். நடமுடியாத, மீளாத பவளத்திட்டுக்கு விலை இல்லை. முற்றிலும் அழிந்தது எதுவோ அதுவே கணக்கில் சுழியமாக நிற்கிறது என்பது வியப்பிற்குரியது.

காரணத்தை மெய்ப்பிப்பதும் இழப்புற்றவர் கடமையே. ஆகஸ்டு மாத இறுதியில் அதே கரைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் இறந்து ஒதுங்கின. எண்ணெயே கொன்றது என மக்கள் உறுதியாக நம்பினர். நீதிமன்றத்தின் முன் நம்பிக்கை போதாது. உடற்கூறு ஆய்வு வேண்டும், ஆய்வகம் வேண்டும், அவற்றுக்குப் பொருள் வேண்டும். கரும்புச்சோகையில் தடுப்பு தைத்த பல்லாயிரவரின் உழைப்புக்கோ ஊதியமும் இல்லை, அதனால் விலைச்சீட்டும் இல்லை. செலவே ஆகாததுபோல் அது ஏட்டில் இடம்பெறாமல் போகிறது.

நம் கரையும் இதற்குப் புறம்பன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு இல்லை, இருந்தாலும் சிறிதே என்பது தொடக்கத்தில் வந்த செய்தி. சில நாள்களில் எர்ணாவூர்ப் பாறைகளிடையே கரிய குழம்பு தேங்கி நின்றது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வரிசையாக நின்று வாளிகளால் அதனை அள்ளிக் கைமாற்றினர். கசிவின் அளவு பின்னர் பலமடங்கு உயர்த்திச் சொல்லப்பட்டது. முதல் நாளில் சொல்லப்படும் அளவு வெறும் செய்தியன்று. எத்தனை கருவிகள் வரும், எந்தக் கரையில் மீன்பிடி நிறுத்தப்படும், யாருடைய இழப்பு ஏட்டில் ஏறும் என்பவற்றை அந்த ஒற்றை எண்ணே முடிவுசெய்கிறது. ஆகவே கசிவு நேர்ந்த கரையில் வாளியைப் போலவே நாட்குறிப்பும் தேவைப்படுகிறது: எந்த நாள் எண்ணெய் வந்தது, எத்தனை நாள் படகு இறங்கவில்லை, எந்த வலை வீணாயிற்று, எத்தனை பேர் எத்தனை மணிநேரம் அள்ளினர் என்பதை நாளோடும் ஒளிப்படத்தோடும் எழுதி வைக்க வேண்டும். பல மாதங்கள் கழித்துக் காப்பீட்டாளரின் மதிப்பீட்டாளர் வந்து அமரும்போது மேசைமேல் வைப்பதற்கு மீனவரிடம் இருப்பது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான்.

கற்பவை கற்றபின்

80,000 டன் கொள்ளளவுள்ள சரக்குக்கப்பல் ஒன்றுக்கு 1976 உடன்படிக்கையின்படி உச்சவரம்பைக் கணக்கிட்டு, அவ்வரம்பு இருக்கவேண்டுமா என்பதை உரிமையாளர், மீனவர் ஆகிய இருவர் நிலையிலும் நின்று வகுப்பறையில் வாதிடுக.

உங்கள் ஊர்க் கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ நாள்தோறும் உழைத்து வாழ்வோர் ஒருவரைச் சந்தித்து, அவரது ஒரு கிழமை வருவாய்க்கு எழுத்துச்சான்று எவை உள்ளன எனக் கேட்டறிந்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.